துபாய் பள்ளியில் பஸ் டியூட்டி, அட்மிஷன் டெஸ்க்: கூடுதல் சம்பளம் கேட்க முடியுமா?

கோவை_டீச்சர்

வணக்கம். துபாயில் சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். ஏப்ரல் கடைசியில் சேர்ந்தேன். புரொபேஷன் ஆறு மாதம், அக்டோபர் கடைசியில்தான் முடிகிறது.

லேபர் கான்ட்ராக்டில் பேசிக் 2,400 திர்ஹாம், அலவன்ஸ் எல்லாம் சேர்த்து 4,000. வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. வார விடுமுறை ஞாயிறு மட்டும். இது போக பள்ளி தனியாக ஓர் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கொடுத்தது. அதில் "நிர்வாகம் அவ்வப்போது ஒதுக்கும் பிற பணிகளும்" என்று ஒரு வரி இருக்கிறது.

பள்ளி நேரம் காலை 7:00 முதல் 2:40 வரை, வெள்ளி 11:15 வரை. ஜூனிலிருந்து காலையும் மாலையும் பஸ் இன்சார்ஜ் போட்டிருக்கிறார்கள். 5:50க்கு ஏறி, மாலை கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு இறங்க 4:00 ஆகிவிடும், வெள்ளி 12:30. மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை 9 முதல் 1 வரை அட்மிஷன் டெஸ்க். ஃபீஸ் பாக்கி வைத்த பெற்றோருக்கு போன் செய்யும் வேலையும் இப்போது எங்கள் தலையில். பைசா கூடுதல் இல்லை. கேட்டால் "எல்லா டீச்சரும்தானே செய்கிறார்கள்" என்கிறார்கள்.

ஓவர்டைம் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறதா? மறுத்தால் வேலைக்கு ஆபத்தா?

---

தேரா_வாசி

மேடம், முதலில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். லேபர் மினிஸ்ட்ரியில், அதாவது மொஹ்ரேயில், பதிவான கான்ட்ராக்ட்தான் பிரதானம். பள்ளி கொடுத்த லெட்டர் அதற்குத் துணைதான். அதைக் காட்டி கான்ட்ராக்டில் உள்ள உரிமையையோ சட்டத்தில் உள்ள உரிமையையோ குறைக்க முடியாது. மொஹ்ரே ஆப்பில் யுஏஇ பாஸ் (அரசின் டிஜிட்டல் அடையாளக் கணக்கு) வைத்து உள்ளே போனால் உங்கள் கான்ட்ராக்டின் பிரதியை எடுக்கலாம். நிறைய பேர் கையில் பள்ளி லெட்டர் மட்டும்தான் இருக்கும், இதை இறக்கியே பார்த்திருக்க மாட்டார்கள். கான்ட்ராக்டுக்கு முன் மொஹ்ரே வழியாக வரும் ஆஃபர் லெட்டரை அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவதாகத் தமிழிலும் பெற வழி உண்டு. அரபியும் மற்றதும் முரண்பட்டால் அரபிதான் செல்லும்.

நீங்கள் பார்க்க வேண்டிய சட்டம் 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. அதில் நாலைந்து பிரிவுகள் தெரிந்தால் போதும்.

பிரிவு 17: நாளுக்கு 8 மணி அல்லது வாரத்துக்கு 48 மணி உச்சவரம்பு. சட்டத்தின் அமலாக்க விதிகள்படி ரமலான் மாதத்தில் நாளுக்கு இரண்டு மணி நேரம் குறையும், நோன்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பிரிவு 18: தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவேளை தர வேண்டும். அந்த நேரம் வேலைக் கணக்கில் வராது.

பிரிவு 19: ஓவர்டைம் நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எப்படிப் போட்டாலும் சாதாரண நேரமும் ஓவர்டைமும் சேர்ந்து மூன்று வாரத்தில் மொத்தம் 144 மணிக்கு மேல் போகக் கூடாது. கூலி, பேசிக்கில் ஒரு மணி நேரத்துக்கு வருவதோடு 25 சதவீதம் சேர்த்து. வார விடுமுறையில் வேலை என்றால் மாற்று விடுமுறை, இல்லாவிட்டால் அந்த நாளின் பேசிக்கோடு 50 சதவீதம்.

பிரிவு 12: கான்ட்ராக்டில் உள்ள வேலையிலிருந்து அடிப்படையில் வேறான வேலையைக் கொடுக்க எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். விபத்தைத் தடுக்க, அதன் சேதத்தைச் சரிசெய்ய என்று அவசரம் இருந்தால் மட்டும் தற்காலிகமாகக் கொடுக்கலாம்.

"பிற பணிகள்" என்ற வரி செல்லும். ஆனால் அது வேலையின் தன்மையைப் பற்றிய வரி, நேரத்தைப் பற்றியது இல்லை. பிற பணி எதுவானாலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த வரியைக் காட்டி எட்டு மணியைப் பத்தாக்க முடியாது.

---

கணக்கு_வாத்தியார்

சட்டம் சொல்லியாச்சு, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

ஓவர்டைமுக்கு 4,000ஐ எடுக்கக் கூடாது, பேசிக் 2,400தான். 30 நாளால் வகுத்தால் 80, எட்டு மணியால் வகுத்தால் 10 திர்ஹாம். 25 சதவீதம் சேர்த்தால் மணிக்கு 12.50.

திங்கள் முதல் வியாழன் வரை 5:50 முதல் 4:00 வரை, 10 மணி 10 நிமிடம். உங்களுக்கு அரை மணி இடைவேளை உண்மையாகவே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை நேரம் 9:40. எட்டு போக 1:40 கூடுதல். வாரத்துக்கு 6:40, நான்கு வாரத்துக்கு 26 மணி 40 நிமிடம். தொகை சுமார் 333 திர்ஹாம்.

சனிக்கிழமைக்கு எவ்வளவு? பூஜ்யம். கான்ட்ராக்டில் விடுமுறை ஞாயிறு மட்டும் என்று இருப்பதால் சனி வேலை நாள்தான், 50 சதவீதக் கணக்கு வராது. தினசரி ஓவர்டைமை ஏற்கெனவே தனியாக எடுத்துவிட்டதால் அந்த வாரத்தின் சாதாரண மணிகள் 32, வெள்ளி 6:40, சனி 4 என்று 42:40தான் ஆகிறது, 48ஐத் தொடவில்லை. அதே மணி நேரத்தை இரண்டு தடவை எண்ணிக் கொண்டுபோனால் அங்கேயே அடிபட்டுவிடும்.

இப்போது மூன்று வாரக் கணக்கு. வாரத்துக்கு திங்கள் முதல் வியாழன் வரை 38:40 கூட்டல் வெள்ளி 6:40, ஆக 45:20. மூன்று வாரம் 136 மணி. இடையில் இரண்டு சனிக்கிழமையும் விழுந்தால் 8 மணி சேர்ந்து சரியாக 144. கோட்டில் நிற்கிறது, தாண்டவில்லை.

அதனால் அந்த அரை மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இடைவேளையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? ஸ்டாஃப் ரூமிலா, காரிடாரிலா?

---

கோவை_டீச்சர்

நன்றி சார். காரிடாரில்தான். 20 நிமிட இடைவேளையிலும் 10 நிமிட இடைவேளையிலும் தினமும் மாடிப்படி டியூட்டி. டிபனை ஃப்ரீ பீரியடில்தான் சாப்பிடுகிறோம், அதிலும் பாதி நாள் ப்ராக்ஸி, அதாவது வராத டீச்சரின் வகுப்பு, வந்துவிடும். பஸ் விஷயத்தில் அவர்கள் சொல்வது வேறு: "உங்களுக்கு இலவசமாக வண்டி கொடுக்கிறோம், அதில் உட்கார்ந்து வருவது எப்படி வேலை ஆகும்?"

---

கணக்கு_வாத்தியார்

அப்படியானால் கணக்கு மாறுகிறது. முழு 10:10ம் வேலை. நாளுக்கு 2:10 கூடுதல், அதாவது இரண்டு மணி உச்சவரம்பைப் பத்து நிமிடம் தாண்டுகிறது. மூன்று வாரத்தில் இரண்டு சனியோடு 150 மணி, ஒரு சனி என்றாலும் 146. பணம் நான்கு வாரத்துக்கு 433 திர்ஹாம்தான். ஆனால் பள்ளி கவலைப்பட வேண்டியது 433க்கு இல்லை, வரம்பு மீறலுக்கு. ஃப்ரீ பீரியடைக் காட்டி அதுதான் இடைவேளை என்று வாதிடுவார்கள். ப்ராக்ஸி ஷீட்டில் உங்கள் பெயர் இருக்கும் நாட்களை எடுத்து வையுங்கள், அந்த வாதம் அந்த நாட்களுக்கு நிற்காது.

---

மனிதவளம்_மணி

பஸ் பற்றி அவர்கள் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் நேரம் பொதுவாக வேலை நேரத்தில் சேராது. பள்ளி வண்டியில் வெறும் பயணியாக வந்தால் அவர்கள் வாதம் ஜெயிக்கும். இன்சார்ஜ் ஆக வந்தால் தோற்கும். வித்தியாசத்தைக் காட்டுவது காகிதம்தான்: பஸ் எண்ணும் உங்கள் பெயரும் போட்ட டியூட்டி ரோஸ்டர், பிள்ளைகள் ஏறி இறங்கும்போது டிக் போடும் வருகைத் தாள், மாலையில் சின்னப் பிள்ளையை பெற்றோர் கையில் ஒப்படைத்ததற்கான கையெழுத்து, லேட் ஆனால் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் உங்களுக்குப் போடும் மெசேஜ். கடைசிப் பிள்ளை இறங்கும் வரை உங்களை இறங்கவிடாதது இன்னும் வலுவான ஆதாரம். உங்கள் ஸ்டாப் வழியில் முன்பே வருகிறது என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியில் பஸ் நானி (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்) இருக்கிறாரா இல்லையா என்பதும் முக்கியம். நானி இல்லாத வண்டியில் நானி வேலையை உங்களிடம் வாங்குகிறார்கள் என்றால் அது ஓவர்டைம் விவகாரத்தோடு முடியாது, பிள்ளைகள் பாதுகாப்பு விவகாரமும்கூட. பேச்சுவார்த்தையில் நிர்வாகம் உடனே காது கொடுக்கும் இடம் அது.

ஆதாரம் சேர்க்கும்போது மூன்று இடத்தில் கால் வைக்க வேண்டாம்.

பிரின்சிபால் பேசுவதை போனில் ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். அனுமதி இல்லாமல் உரையாடலைப் பதிவது அமீரகத்தில் கிரிமினல் குற்றம். சம்பள வழக்கில் ஜெயிக்கப் போய் போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வது உண்மையில் நடக்கிற விஷயம்.

ஃபேஸ்புக், கூகுள் ரிவ்யூ, பெற்றோர் வாட்ஸாப் குரூப் எதிலும் பள்ளியைத் திட்டி எழுத வேண்டாம். எழுதியது உண்மையாகவே இருந்தாலும் அவதூறு என்று சைபர் குற்றச் சட்டத்தில் புகார் கொடுக்க இடம் இருக்கிறது.

பிள்ளைகள் பெயர், போன் நம்பர் உள்ள தாள்களை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். ரோஸ்டரில் உங்கள் பெயர் உள்ள வரி, தேதி, தலைப்பு தெரிகிற மாதிரி படம் எடுத்தால் போதும். அதோடு ஒரு சாதாரண நோட்டில் தினமும் ஏறிய நேரம், இறங்கிய நேரம், ப்ராக்ஸி பீரியட் எழுதி வாருங்கள். அன்றன்றைக்கு எழுதிய நோட்டுக்கு மதிப்பு உண்டு. ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்பிய நோட்டைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

ஃபீஸ் போன், அட்மிஷன் டெஸ்க் பற்றி: பிரிவு 12 இங்கேதான் பொருந்தும். ரெமெடியல், இன்விஜிலேஷன், கிளப், ஆண்டு விழா எல்லாம் ஆசிரியர் வேலையோடு ஒட்டியவை என்று சொல்லிவிடுவார்கள், அதில் சண்டை போட்டுப் பயன் இல்லை. பணம் வசூலிப்பதும் சேர்க்கைக்கு ஆள் பிடிப்பதும் அப்படி இல்லை. என்றாலும் வாரத்தில் பத்து போன் என்பதை "அடிப்படையில் வேறான வேலை" என்று ஏற்கவைப்பது கஷ்டம். டார்கெட் கொடுத்தால் மட்டும் விஷயம் வேறு. அந்த டார்கெட் மெசேஜை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

---

சட்டையில்_சாக்பீஸ்

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? நாளைக்கே பஸ் ஏறாமல் நிறுத்துங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கும்போது என்ன பயம்?

---

மனிதவளம்_மணி

அக்டோபர் வரை அப்படிச் செய்யவே கூடாது. புரொபேஷனில் இருப்பவரை 14 நாள் எழுத்து நோட்டீஸில் அனுப்பிவிடலாம், பெரிதாகக் காரணம் கேட்க முடியாது. புரொபேஷன் முடிந்த பிறகு நோட்டீஸ் காலம் குறைந்தது 30 நாள், அதிகபட்சம் 90, உங்கள் கான்ட்ராக்டில் எவ்வளவு என்று பாருங்கள். அதன் பிறகு மொஹ்ரேயில் கொடுத்த புகாருக்காகவே நீக்கினார்கள் என்று நிரூபணமானால் பிரிவு 47 படி மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடு. புரொபேஷனில் நிற்பவருக்கு அந்தக் குடை அவ்வளவு விரியாது.

இன்னொன்று: கோபத்தில் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வேலைக்குப் போகாமல் இருந்தால் நோட்டீஸே இல்லாமல் நீக்க பிரிவு 44 அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. எந்த நிலையிலும் பள்ளிக்குப் போவதை நிறுத்த வேண்டாம்.

அவசரம் இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பு நிலுவைத் தொகையைக் கேட்க ஓராண்டுதான் அவகாசம், அதுவும் தொகை சேர வேண்டிய நாளிலிருந்து. 2024இல் வந்த திருத்தம் அதை வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்று மாற்றியது. ஆகவே இன்று கேட்காததால் ஜூன் மாத ஓவர்டைம் போய்விடாது. வேலையை விடும்போது கிராஜுவிட்டியோடு சேர்த்தும் கேட்கலாம். அப்போது "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கணக்கு சரியாகும் முன் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும்.

---

தேரா_வாசி

மணி சார் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் சேர்க்க விரும்புவது: பணம் கேட்காதீர்கள், நேரம் கேளுங்கள். 433 திர்ஹாமுக்குக் கையெழுத்துப் போட்டால் மற்ற டீச்சர்களும் வரிசையில் வருவார்கள் என்று நிர்வாகம் பயப்படும். பஸ் டியூட்டியை இரண்டு பேர் மாறி மாறிப் பார்ப்பது, பஸ் டியூட்டி உள்ளவருக்கு ப்ராக்ஸியும் மாடிப்படி டியூட்டியும் இல்லை என்பது, சனிக்கிழமை வந்தால் அந்த வாரம் மாலை பஸ் இல்லை என்பது, இதெல்லாம் டைம்டேபிள் போடுகிறவர் அரை மணி நேரத்தில் செய்துவிடக் கூடிய வேலை. உங்களுக்கும் உடம்பு மிஞ்சும்.

"டியூட்டி அலவன்ஸ் 200 தருகிறோம்" என்று வந்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மாதச் சம்பளத்தோடு பேங்க் வழியாக, டபிள்யூபிஎஸ்ஸில் (அரசு கண்காணிக்கும் சம்பளப் பட்டுவாடா முறை) தெரிகிற மாதிரி வர வேண்டும். கவரில் கொடுத்தால் அது வந்ததற்கே ஆதாரம் இல்லை. அலவன்ஸ் ஏறினால் பேசிக் ஏறாது, ஆகவே கிராஜுவிட்டியும் ஏறாது. அது முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக் என்ற கணக்கில்தான் வரும்.

"உங்களைக் கோஆர்டினேட்டர் ஆக்குகிறோம்" என்று சம்பளம் இல்லாத பட்டம் வந்தால் உஷாராக இருங்கள். முதலாளியின் அதிகாரம் உள்ள மேற்பார்வைப் பதவிகளுக்கு வேலை நேர உச்சவரம்பு பொருந்தாது என்று விதி இருக்கிறது. ஆள் எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் இல்லாத கோஆர்டினேட்டர் அதில் வரமாட்டார். என்றாலும் அந்தப் பெயரைச் சொல்லி ஓவர்டைம் பேச்சையே எடுக்கவிடாமல் செய்வார்கள். பதவியோடு வரும் தாளில் "முழு மேற்பார்வை அதிகாரம்" என்பது மாதிரி வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் ஒருவரிடம் காட்டுங்கள்.

---

கோவை_டீச்சர்

நேரம் கேட்பது நல்ல யோசனை. புரொபேஷன் முடியும் வரை நோட்டு எழுதுகிறேன். அதன் பிறகு மெயில் எப்படி இருக்க வேண்டும்? அவர்கள் பதிலே போடாவிட்டால்?

---

மனிதவளம்_மணி

நவம்பர் முதல் வாரம் அனுப்புங்கள். பிரின்சிபாலுக்கு, எச்ஆருக்கு நகல், பள்ளி மெயிலிலிருந்து. பதினைந்து வரியைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் இன்ன தேதி முதல் இன்ன டியூட்டி, இன்ன நேரம் என்று மட்டும். இரண்டாவது பத்தியில் மூன்று வார மணிக்கணக்கு, கூட்டுத்தொகையோடு. மூன்றாவதில் இரண்டு கோரிக்கை: டியூட்டியை மாற்றி அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிவு 19 படி கூடுதல் மணிகளைச் சம்பளத்தில் சேர்க்க வேண்டும். கடைசியில் "மாற்றம் வரும்வரை பிள்ளைகளுக்குச் சிரமம் இல்லாமல் டியூட்டியைத் தொடர்கிறேன்" என்று ஒரு வரி. இந்த வரி முக்கியம், பின்னால் "வேலையை மறுத்தார்" என்று சொல்ல முடியாது. புகார் கொடுப்பேன், கோர்ட்டுக்குப் போவேன் என்று எதுவும் வேண்டாம். அனுப்பிய மெயிலின் பிரதியை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மெயில் என்றைக்கு வேண்டுமானாலும் முடக்கப்படும்.

வாய்மொழியாகக் கூப்பிட்டுப் பேசினால் அன்று மாலையே "இன்று பேசியபடி" என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள். ரெண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லை என்றால் மொஹ்ரே ஆப்பிலோ 80084க்கு போன் செய்தோ புகார் பதியலாம். ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்: பெயர் தெரியாமல் புகார் கொடுக்கும் வசதி சம்பளமே வராத விவகாரத்துக்குத்தான். ஓவர்டைம் புகாரில் உங்கள் பெயர் பள்ளிக்குப் போகும், இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். தொகை 50,000 திர்ஹாமுக்குள் இருந்தால் மொஹ்ரேயே முடிவெடுக்கலாம், 2024 ஜனவரியிலிருந்து அந்த அதிகாரம் இருக்கிறது. அதை ஏற்காதவர் கோர்ட்டுக்குப் போகலாம். தொழிலாளி தரப்பில் ஒரு லட்சம் திர்ஹாம் வரை கோர்ட் கட்டணம் இல்லை.

பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. பள்ளி ஆபீஸில் "பத்திரத்துக்கு" வைத்திருந்தால் மெயில் அனுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள். வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. ரினியூவல், ஊரில் ஒரு அவசரம் என்று சாதாரணமாகக் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். மெயிலுக்குப் பிறகு கேட்டால் சாவி உள்ள ஆள் லீவில் இருப்பார்.

---

கோவை_டீச்சர்

ஆபீஸ் லாக்கரில்தான் இருக்கிறது சார். திங்கட்கிழமை கேட்கிறேன்.